பழைய ரயில் பெட்டிக்கு 32 வோல்ட் பல்பு

அமெரிக்காவில் வார இறுதிகளில் நான் உதவிக்குப் போகும் ரயில் அருங்காட்சியகத்தில் 1920களில் கட்டிய பயணிகள் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் பாதி விளக்கு எரியாது. பல்பு திருகும் மரை அந்த ஊர் வீட்டு பல்பு மரைதான், இ26 என்ற அளவு, அதனால் யாரோ சாதாரண பல்பையே மாட்டியிருந்தார்கள். உள்ளே கம்பி மட்டும் லேசாகச் சிவந்தது. அந்தக் காலப் பெட்டிகளில் 32 வோல்ட் டிசி (நேர் மின்சாரம்), அடியில் வரிசையாக 16 லெட்-ஆசிட் பேட்டரி செல், ஓடும்போது அச்சோடு சுற்றும் டைனமோ சார்ஜ் ஏற்றும். அமெரிக்க வீட்டு மின்சாரத்துக்கான 120 வோல்ட் பல்பு அதில் எங்கே எரிய!

எலக்ட்ரிகல் கடைகளில் கையை விரித்துவிட்டார்கள். கிடைத்தது படகு சாமான் விற்கும் கடையில், பழைய படகுகளிலும் இதே 32 வோல்ட்தானே. 50 வாட், அதே மரை. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

எல்இடி போதும் என்றால் 12 முதல் 60 வோல்ட் டிசி வரை தாங்கும் என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் 40 பக்கம் போய்விடும், 36 வரை தாங்கும் சரக்கு அப்போதே பொசுங்கும். அப்புறம் நிறம், 2700 கெல்வின் மஞ்சள் ஒளியாகப் பாருங்கள், வெள்ளை போட்டால் பெட்டி மருந்துக்கடை மாதிரி ஆகிவிடும்.