விளக்கு எரிந்தால் வேலை சரியா? எலக்ட்ரீஷியன் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழாய் வேலையில் தப்பு செய்தால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். கரண்டு வேலையில் அப்படி இல்லை. சுவிட்சை நியூட்ரலில் (கரண்டு திரும்பிப் போகும் ஒயரில்) போட்டாலும் விளக்கு எரியும், அணையவும் செய்யும். எர்த் ஒயரை இணைக்காமலே விட்டாலும் வாஷிங் மெஷின் சுற்றும். தாங்காத ஒயரில் ஹீட்டரைக் கொடுத்தாலும் முதல் நாள் ஒன்றும் ஆகாது. முன் அனுபவம் இல்லாமல் வருகிறவர் "ஓடுகிறது, அப்படியானால் சரி" என்று எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

எங்கே, யாரிடம் சேர்வது

முதல் தவறு கையில் கருவி எடுப்பதற்கு முன்பே நடக்கிறது. தினக்கூலி கொஞ்சம் கூட வருகிறது என்பதற்காக, சுவரில் காடி வெட்டுவதையும் பைப் பதிப்பதையும் மட்டுமே கொடுக்கும் இடத்தில் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்தும் டி.பி. பெட்டியை (கரண்டை ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) திறந்து பார்க்காதவர்கள் நிறைய உண்டு. முதல் சில மாதங்கள் காடி வெட்டுவதும் ஒயர் இழுப்பதும் எல்லோருக்கும் உள்ளதுதான். அதற்குப் பிறகு என்ன என்பதைச் சேரும்போதே கேட்டுவிட வேண்டும். நான் செய்த இணைப்பை யார் சரிபார்ப்பார்கள்? வேலை முடிந்ததும் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பார்ப்பீர்களா? இந்த இரண்டு கேள்விக்குத் தயங்குகிற இடத்தில் வேகம் கிடைக்கும், தொழில் கிடைக்காது.

பல நாடுகளில் உரிமம் பெற மூன்று, நான்கு வருடப் பயிற்சிக் காலத்தை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பதிவு பெற்ற பயிற்சியாளராகச் சேராமல் கழித்த வருடங்கள் கணக்கில் வராமல் போகலாம். உரிமம் தரும் அமைப்பின் விதியை முதலிலேயே படித்துவிட்டுச் சேருங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, செய்த வேலை, மணி நேரம், மேற்பார்வையிட்டவரின் கையெழுத்து எனக் குறித்து வாருங்கள். நிற வேறுபாடு காண்பதில் சிக்கல் உள்ளவர்கள் கண் பரிசோதனையையும் தள்ளிப்போட வேண்டாம். ஒயரை நிறத்தால் பிரிக்கும் தொழில் இது. சில பயிற்சி நிலையங்கள் சேர்க்கையின்போதே கேட்கும்.

கையில் உரிமம் இல்லாமல், தெரிந்தவர் கூப்பிட்டார் என்று தனியாகப் போய் டி.பி. மாற்றித் தருவது இன்னொரு தவறு. பிறகு அங்கே தீப்பிடித்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி இந்த வேலையைச் செய்தது யார் என்பதுதான். காப்பீடு கைவிரித்துவிட்டால் பொறுப்பு முழுவதும் செய்தவர் தலையில்.

கணக்கு தெரியாமல் கைப்பழக்கம் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஆரம்பத்தில் தேவைப்படுவது சின்னக் கணக்குதான்: 230 வோல்ட்டில் 3000 வாட் ஹீட்டர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். இதை மனதில் போடத் தெரிந்தாலே எந்த ஒயர், எந்த எம்.சி.பி. (கரண்டு அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) என்பது பாதி விளங்கிவிடும்.

"ஆஃப் பண்ணியாச்சு" என்ற நம்பிக்கை

எம்.சி.பி.யை இறக்கியதும் கை வைப்பது உயிருக்கே ஆபத்து. டி.பி.யில் எழுதியிருக்கும் பெயர் தப்பாக இருக்கலாம். ஒரே சுவிட்ச் பாக்ஸுக்குள் இரண்டு சர்க்யூட் வந்திருக்கலாம். இன்வெர்ட்டர் லைன் தனியாக உயிரோடு இருக்கலாம். ஒயரின் நிறத்தையும் நம்பக் கூடாது. முன்னால் வேலை செய்தவர் கையில் இருந்த நிறத்தைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

சரியான வரிசை இது. எம்.சி.பி.யை இறக்கிப் பூட்டு போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும், எச்சரிக்கை அட்டையும் தொங்கட்டும். பிறகு டெஸ்டரைக் கரண்டு இருப்பது உறுதியாகத் தெரிந்த இன்னொரு இடத்தில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். அடுத்து வேலை செய்யப்போகும் இடத்தில் பேஸ் (கரண்டு வரும் ஒயர்)–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூன்றையும் சோதியுங்கள். கடைசியாக மறுபடியும் கரண்டு உள்ள இடத்துக்குப் போய் டெஸ்டரை உறுதிசெய்யுங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் டெஸ்டர் செத்துப் போயிருந்தாலும் அது "கரண்டு இல்லை" என்றுதான் காட்டும்.

அந்த டெஸ்டரும் ஸ்க்ரூடிரைவர் வடிவ நியான் டெஸ்டராக மட்டும் இருக்கக் கூடாது. அது உங்கள் உடம்பு வழியாகப் போகும் மிகச் சிறிய கரண்டில் எரிவது. காய்ந்த மர ஏணியில், ரப்பர் ஷூவோடு நின்றால் மங்கும். வெயில் வெளிச்சத்தில் எரிவதே தெரியாது. ஒரு சாக்கெட்டின் இரண்டு துளையிலும் நியான் எரிந்தால் புதியவர் "ரெண்டு பேஸ் வருது" என்பார். பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது வேறு. நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கும். ஆன் நிலையில் இருக்கும் ஒரு விளக்கு வழியாக பேஸ் திரும்பி நியூட்ரல் ஒயருக்கு வந்து நிற்கும். விளக்கு எரியாது, ஆனால் அந்த நியூட்ரலைத் தொட்டால் பேஸைத் தொட்டது போலத்தான்.

டிஜிட்டல் மல்டிமீட்டருக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். எதிலும் இணைக்காத ஒயரில் கூட, பக்கத்தில் ஓடும் கரண்டு ஒயரின் தூண்டலால் பல பத்து வோல்ட் காட்டும். இரண்டு முனை டெஸ்டரோ டெஸ்ட் லாம்ப்போ வைத்தால் அந்தப் பொய் வோல்ட்டேஜ் காணாமல் போகும். ஆம்பியர் அளந்துவிட்டு, சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டு, அடுத்து வோல்ட் அளக்கப் போவதும் வழக்கமான விபத்து. அந்த நிலையில் மீட்டர் வெறும் கம்பித் துண்டுதான். பேஸையும் நியூட்ரலையும் நேரடியாக ஷார்ட் பண்ணியது போலாகிவிடும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால்

பெரிய எம்.சி.பி. போடுவது தீர்வல்ல. எம்.சி.பி. காப்பது ஒயரை, மிஷினை அல்ல. 2.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர் உள்ள சர்க்யூட்டில் 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டால், எம்.சி.பி. விழாது, ஒயரின் இன்சுலேஷன் சுவருக்குள்ளேயே கருகும். ஒயருக்கு ஏற்ற எம்.சி.பி., லோடுக்கு (சாதனங்கள் இழுக்கும் கரண்டுக்கு) ஏற்ற ஒயர் என்பதே வரிசை. பொதுவாக விளக்குக்கு 1.5, சாக்கெட்டுக்கு 2.5, பெரிய ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 ஸ்கொயர் எம்.எம். என்று போவார்கள். நீளமும், ஒரே பைப்பில் போகும் ஒயர்களின் எண்ணிக்கையும் கூடினால் அளவு ஒரு படி ஏறும்.

எம்.சி.பி. உடனே விழும் என்ற எதிர்பார்ப்பும் தப்பு. ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரப்படி, வீட்டு வகை எம்.சி.பி. தன் அளவைப் போல 1.13 மடங்கு கரண்டை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அதாவது 16 ஆம்பியர் எம்.சி.பி. 23 ஆம்பியர் வரை கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். ஷாக் அடிப்பதை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மனிதரைக் கொல்ல 100 மில்லி ஆம்பியர் போதும், 6 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே இல்லை. அந்த வேலைக்குத்தான், கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.

ஆர்.சி.சி.பி. போட்டதும் காரணமில்லாமல் விழுகிறது என்று அதைக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. காரணம் இல்லாமல் விழாது. முதலில் பார்க்க வேண்டியது நியூட்ரல். ஒரு ஆர்.சி.சி.பி.யின் கீழ் உள்ள பேஸுக்கு இன்னொன்றின் நியூட்ரலைக் கொடுத்திருந்தாலோ, எங்கேயாவது நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருந்தாலோ லோடு ஏறியதும் விழும். பல வீடுகளில் எர்த் இல்லாத பாயின்ட்டுக்கு நியூட்ரலில் இருந்து ஒரு துண்டு போட்டு "எர்த்" கொடுத்து வைத்திருப்பார்கள். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு அந்த மிஷினின் தகரம் முழுவதும் பேஸ்.

இணைப்பு

தீ விபத்துக்குக் காரணமாகும் இடம் பெரும்பாலும் ஒயரின் நடுப்பகுதி அல்ல, முனை. ஒரு லூஸ் கனெக்ஷனில் வெறும் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 16 ஆம்பியர் போனால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 25 வாட்டுக்கு மேல் சூடு, அதாவது ஒரு சால்டரிங் அயர்ன். கரண்டு அளவு கூடவில்லை என்பதால் எம்.சி.பி. விழாது, கசிவும் இல்லை என்பதால் ஆர்.சி.சி.பி.யும் விழாது.

இன்சுலேஷனைக் கத்தியாலோ பல்லாலோ உரிக்கக் கூடாது. ஒற்றைக் கம்பியில் வெட்டு விழுந்தால், பாக்ஸுக்குள் மடக்கும்போது அந்த இடத்தில் முறியும். ஸ்டிரிப்பரில் ஒயருக்குச் சரியான துளையில் வைத்து, சுவிட்சின் பின்னால் குறித்திருக்கும் நீளத்துக்கு உரியுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் 10 மில்லிமீட்டர் அளவு. செம்பு வெளியே தெரியவும் கூடாது, இன்சுலேஷன் ஸ்க்ரூவுக்குக் கீழே மாட்டவும் கூடாது. பல இழை ஒயர் துளைக்குள் நுழையவில்லை என்று நாலு இழையை நறுக்குவது ஒயரின் அளவையே குறைப்பது. ஃபெர்ரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழல்) போட்டு அழுத்துங்கள். இழைகளுக்கு ஈயம் வைத்து ஸ்க்ரூவில் முறுக்குவது பார்க்க நேர்த்தியாக இருக்கும், ஆனால் ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும். சில மாதத்தில் ஸ்க்ரூ லூஸ். முறுக்கி முடித்ததும் ஒவ்வொரு ஒயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள்.

பைப்புக்குள் ஜாயின்ட் போட்டு டேப் சுற்றுவது கூடவே கூடாது. ஜாயின்ட் என்றால் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள்தான். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்காதீர்கள், அதற்கென்று தனி கனெக்டர் உண்டு.

கரண்டு கொடுப்பதற்கு முன்

முதலில் ஒவ்வொரு சாக்கெட்டின் எர்த் முனையிலிருந்து டி.பி.யின் எர்த் வரை ஒயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று பாருங்கள். அடுத்து எல்.இ.டி. விளக்கு, டிம்மர், ஆர்.சி.சி.பி. போன்றவற்றைப் பிரித்துவிட்டு 500 வோல்ட் மெகர் சோதனை. பிரிக்காவிட்டால் எலக்ட்ரானிக் பாகங்கள் பழுதாகும். குறைந்தபட்சம் 1 மெகாஓம் வேண்டும் என்பது தர அளவு. புது ஒயரிங்கில் அதைவிடப் பல மடங்கு வர வேண்டும். 2, 3 மெகாஓம் காட்டினால் எங்கோ ஈரம் அல்லது காயம்பட்ட ஒயர் இருக்கிறது, "பாஸ் ஆயிடுச்சு" என்று மூடிவிட வேண்டாம். கரண்டு கொடுத்த பிறகு சுவிட்ச் பேஸில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். நியூட்ரலில் இருந்தால், ஆஃப் செய்த பிறகும் ஹோல்டரில் பேஸ் நிற்கும். பல்பு மாற்றப் போகிறவர் அடிவாங்குவார்.

கருவிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. 1000 வோல்ட் குறியிட்ட ஸ்க்ரூடிரைவர்கள், கட்டிங் பிளேயர், ஸ்டிரிப்பர், நல்ல இரண்டு முனை டெஸ்டர் இருந்தால் ஆரம்பிக்கலாம். அலுமினிய ஏணி வேண்டாம், ஃபைபர் ஏணி. மோதிரமும் உலோகக் கடிகாரமும் வேலை முடியும் வரை கழற்றியே இருக்கட்டும்.

எடுக்கக் கூடாத வேலை

தனியாகப் போகும் ஆரம்ப நாட்களில் சில வேலைகளுக்கு "முடியாது" என்று சொல்லத் தெரிய வேண்டும். சோலார் பேனல் பக்கத்து ஒயர் அதில் ஒன்று: வெளிச்சம் இருக்கும்வரை அதை ஆஃப் செய்யவே முடியாது, லோடில் கனெக்டரைப் பிடுங்கினால் டி.சி. ஆர்க் (நேர்மின்னோட்டத் தீப்பொறி) அணையாமல் நின்று எரியும். மூன்று பேஸ் டி.பி.யும் அப்படித்தான். கரண்டு இருக்கும்போது நியூட்ரல் பாரில் மெயின் நியூட்ரல் ஸ்க்ரூவை லூஸ் பண்ணினால், 230 வோல்ட்டில் ஓடும் சாதனங்களுக்கு லோடைப் பொறுத்து 400 வோல்ட் வரை போய்விடும். லோடு குறைந்த பேஸில் இருக்கும் டி.வி.யும் பிரிட்ஜும் முதலில் போகும். அந்தப் பெட்டியை மெயின் இறக்கி, பூட்டி, மூன்று பேஸையும் சோதித்த பிறகு, அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறவுங்கள்.