ஆண்டு முடிவில் வாடிக்கையாளருக்கு நன்றி சொல்லும்போது

கிருஷ்ணகிரியில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். என்னைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு ஒரு யோசனை. டிசம்பர் கடைசியில் பில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டுங்கள். யார் அதிகம் வாங்கினார் என்பதைவிட, யார் சொல்லி யார் வந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். புது ஆளை அனுப்பிவைத்தவருக்குத்தான் முதல் நன்றி. அவரைப் போனில் கூப்பிட்டு, "நீங்க அனுப்பின மத்தூர்க்காரர் இப்ப தொடர்ந்து வர்றாருங்க" என்று சொல்லிப் பாருங்கள், அவருக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

மற்றவர்களுக்கு வாட்ஸ்அப் போதும். ஆனால் ஒரே செய்தியைப் பலருக்கு ஒரேயடியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டில் போடும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். முக்கியமானவர்களுக்குத் தனித்தனியாகவே அனுப்புங்கள். வாழ்த்துப் படத்தை பார்வர்டு செய்வதைவிட, அவருக்கு நீங்கள் செய்துகொடுத்த வேலையைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதுவது மேல். அதில் பாக்கிப் பணத்தை மட்டும் ஞாபகப்படுத்தாதீர்கள். அதை அடுத்த வாரம் தனியாகக் கேட்கலாம்.

நம் பக்கம் காலமும் பார்க்க வேண்டும். மார்ச்சில் எல்லோருக்கும் கணக்கு முடிக்கும் அவசரம். அப்புறம் மாம்பழ சீசன் வந்துவிட்டால் மாங்கூழ் தொழிற்சாலைக்காரர்களைப் பிடிக்கவே முடியாது. பொங்கலுக்கு முன்னால் முடித்துவிடுவதுதான் தோது.

டைரி, காலண்டர் வாங்கிப் பரிசாகக் கொடுப்பவர்களுக்கு இன்னொன்று: இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுக்க முடியாது. அந்த பில்லைத் தனியாக எடுத்துவைத்து ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.