பொடுகுக்கு எண்ணெய் வேண்டாம், மூலிகை ஜெல் செய்யலாம்

பொடுகு என்றதும் நம் வீடுகளில் கை முதலில் போவது எண்ணெய்ச் சீசாவுக்குத்தான். தலை காய்ந்துபோனதால் உதிர்கிறது என்ற நம்பிக்கை. ஆனால் பெரும்பாலான பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலசீசியா என்ற பூஞ்சை. எல்லார் தலையிலும் உண்டு. தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. அந்தப் பசையை அது சிதைக்கும்போது உண்டாகும் ஒலியிக் அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் செதிலுமாக வெளிப்படுகிறது. எண்ணெய் இல்லாமல் மூலிகைச் சாறைத் தலைத்தோலில் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்க ஜெல் வசதியானது.

தேவையானவை: ஆளி விதை கால் கப், வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, வேப்பிலை ஒரு கைப்பிடி, மூன்று கப் தண்ணீர், ஒரு துண்டு சோற்றுக்கற்றாழை. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் வெந்தயத்தை விட்டுவிடுங்கள். இரண்டும் ஒரே பயறுக் குடும்பம்.

முதல் நாள் இரவு வெந்தயத்தை அந்தத் தண்ணீரிலேயே ஊறப்போடுங்கள். காலையில் கழுவிய வேப்பிலையைச் சேர்த்து, சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். இரண்டு கப் கஷாயம் கிடைத்தால் போதும். குறைந்தால் தண்ணீர் விட்டு அளவைச் சரிசெய்யலாம்.

இனி ஆளி விதை. கஷாயத்தில் போட்டு மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள், இல்லையென்றால் அடிப்பிடிக்கும். ஏழெட்டு நிமிடத்தில் வெண்நுரை கட்டும். கரண்டியைத் தூக்கிப் பாருங்கள்: சொட்டாக விழுந்தால் இன்னும் ஆகவில்லை, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இழையாக நீண்டு இறங்கினால் உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டும்" என்று காத்திருந்தால் விதையையும் ஜெல்லையும் பிரிக்கவே முடியாது. ஆற ஆற அது தானாக இறுகும்.

வடிகட்டுவதும் சூட்டோடு நடக்க வேண்டும். கிண்ணத்தின் மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்துக் கொட்டி, துணியை முடிச்சாகத் திருகி, இடுக்கியால் மேலிருந்து கீழாக வழித்தெடுங்கள். வெறுங்கையால் பிழியாதீர்கள், இந்த வழவழப்பு சூட்டை விடாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

கற்றாழையை அறுத்ததும் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி கால் மணி நேரம் சாய்த்து வையுங்கள். வழியும் மஞ்சள் பால் தோலை எரிச்சலூட்டும். பிறகு கழுவி, நடுச்சோற்றை மட்டும் மிக்ஸியில் அடியுங்கள். இதை மொத்த ஜெல்லிலும் கலக்காமல், தேய்க்கும் அன்று இரண்டு கரண்டி சேர்த்தால் போதும். பச்சைக் கற்றாழை கலந்த ஜெல் சீக்கிரம் கெட்டுவிடும்.

எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். அது பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் கருத்துக் கொப்புளிக்கலாம். விட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் ஜெல் கெடாது என்பதும் தவறு. அது எண்ணெய் காறிப்போவதைத் தள்ளிப்போடும், கிருமியைக் கொல்லாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, வேண்டியபோது ஒரு கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். புளித்த வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

முதல் முறை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால், முடியை வகிடு வகிடாகப் பிரித்து, விரல்நுனியால் தோலில் படும்படி தடவுங்கள். முடியில் மட்டும் பூசினால் பளபளப்பு வரும், பொடுகு போகாது. அரை மணி நேரத்தில் மென்மையான ஷாம்பு போட்டு அலசுங்கள். வாரம் இருமுறை போதும். இரவு முழுக்க ஈரத்தோடு படுப்பது கூடாது.

முடி வளர்ச்சி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த வேகத்தை எந்த இலையும் இரட்டிப்பாக்கிவிடாது. அரிப்பு அடங்கினால் சொறிவதால் உடைந்து உதிரும் முடி மிஞ்சும், அவ்வளவுதான். பரம்பரை வழுக்கைக்கு இந்த ஜெல் மருந்தல்ல.

நான்கு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் கீட்டோகோனசோல் ஷாம்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளி நிறத்தில் தடித்த செதில், நீர் வடிதல், குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டுதல் ஆகியவை இருந்தால் ஜெல்லைத் தொடாமல் நேரே தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.