அறுவடைக்கு மட்டும் எடுக்கும் டீசல் வண்டியைப் பார்த்துக்கொள்வது எப்படி

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் நெல்லும் வைக்கோலும் ஏற்றுவதற்கென்றே ஒரு டாடா 407 மினி லாரியோ பிக்கப்போ வைத்திருப்பவர்கள் உண்டு. அறுவடை முடிந்தால் வண்டி வேப்பமரத்தடிக்குப் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை வீட்டில் யாராவது போய்ச் சாவியைத் திருகி, பத்து நிமிஷம் உறும விட்டு அணைத்துவிட்டு வருவார்கள். "சும்மா கெடந்தா கெட்டுப்போகும்ல" என்று காரணமும் சொல்வார்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் வண்டியைக் கெடுப்பதே அந்தப் பத்து நிமிஷம்தான்.

டீசல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் கலக்கும். வண்டி ஓடி ஆயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகப் போய்விடும். நின்ற இடத்திலேயே உறுமுகிற டீசல் எஞ்சின் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது, ஆகவே தண்ணீர் ஆயிலோடு தங்கிவிடும், சைலன்சருக்குள்ளும் தேங்கித் துருப்பிடிக்க வைக்கும். செல்ஃப் அடித்ததில் பேட்டரி இழந்த கரண்ட்டும் அந்த நேரத்துக்குள் முழுசாகத் திரும்ப ஏறாது. பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில் இன்னும் மோசம்: புகைபோகும் வழியில் இருக்கிற டிபிஎஃப் என்ற கரி வடிகட்டியில் சேரும் கரி, வண்டி சூடாக ஓடினால்தான் எரிந்து தீரும்.

வழி இரண்டுதான். முதல் வழி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒழுங்காக ஓட்டுங்கள். மதுரையில் இருப்பவர்கள் அழகர்கோவில் வரை போய் வரலாம், ஒரு பக்கம் சுமார் 20 கிலோமீட்டர், எஞ்சின் சூடாக அது தாராளம். எல்லா கியரும் போட்டு, பிரேக்கை நாலு தடவை அழுத்தமாக மிதித்துப் பாருங்கள். முடியாதா, அப்படியானால் முறையாக நிறுத்திவிட்டு ஸ்டார்ட் பண்ணாமலே விட்டுவிடுங்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் செய்யாதீர்கள்.

முறையாக நிறுத்துவது என்றால் முதலில் டேங்க். நிரப்பி நிறுத்துங்கள். காசு முடங்குகிறதே என்று தோன்றும், எனக்கும் தோன்றும். ஆனால் பாதி டேங்க்கில் மீதி இடம் முழுக்கக் காற்று, அதில் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் பகலில் சூடாகி ராத்திரி குளிரும்போது டேங்க்கின் உள்சுவர் வேர்த்து, தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்காரும். அந்தத் தண்ணீரும் டீசலும் தொடுகிற இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து கறுப்பாகச் சளி மாதிரி படியும், ஃபில்டர் அடைபடும். சந்தேகம் இருந்தால் டீசல் ஃபில்டரின் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்திக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள், தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். கறுப்புச் சளி வந்தால் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்க்கையே இறக்கிக் கழுவ வேண்டும். டேங்க் மூடிக்குப் பூட்டு அவசியம், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. புகையைச் சுத்தமாக்கத் தனி டேங்க்கில் டிஇஎஃப் என்ற யூரியா கரைசல் ஊற்றுகிற வண்டியாக இருந்தால் அதை மட்டும் நிரப்பாதீர்கள், நம்ம ஊர் வெயிலில் அது சீக்கிரம் கெட்டுவிடும்.

அடுத்து எலி. நெல் ஏற்றிய வண்டி என்பதால் பின்னால் பலகை இடுக்கில், சீட்டுக்கு அடியில் எல்லாம் மணி சிந்திக் கிடக்கும், அதைத் தேடித்தான் பெருச்சாளி வரும், வந்தபிறகு வயரைக் கடிக்கும். ஒரு மணி விடாமல் கூட்டித் தள்ளுங்கள். வைக்கோல் தூசி ரேடியேட்டர் இடுக்கிலும் ஏர் ஃபில்டரிலும் அப்பியிருக்கும், அதையும் இப்போதே சுத்தம் செய்துவிடுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிற பழக்கத்தை விடுங்கள், அந்த உப்பு உள்ளே படிந்தால் அடுத்த சீசனில் லோடோடு போகும்போது கொதிக்கும். கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். கழற்றாமல் விட்டால் ஜிபிஎஸ் கருவி சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முழுசாக ஏறிய 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 காட்டும், 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் போடுங்கள், இறங்கியபடியே விட்டால் தகடு வீணாகும்.

கேபிள் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் அதை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், மழைக்காலத்தில் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயரில் காற்று குறையவிடக் கூடாது. ஓடாத வண்டியின் டயரில் பட்டை தேயாது, அதனால் புதுசு என்று நினைத்துவிடுவோம். பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள், 2319 என்றால் 2019-இல் 23-ஆவது வாரம் தயாரானது. வெடிப்பு விட்டிருந்தால் லோடு ஏற்றாதீர்கள். ஆயிலும் அப்படித்தான், கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதிகளை அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே பாருங்கள். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி வருஷா வருஷம்.

மறுபடி எடுக்கும் நாளில் ஆயில், கூலன்ட், ஏர் ஃபில்டர் மூன்றையும் திறந்து பார்த்துவிட்டு, டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். எஞ்சினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் குமிழ் உள்ள பழைய வண்டியில் அதை இழுத்துப் பிடித்துச் சில விநாடி சுற்றவிட்டால் எரியும் முன்பே ஆயில் மேலே ஏறிவிடும். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரட்டும். அப்புறம் காலி வண்டியாகவே ஐந்தாறு கிலோமீட்டர் போய் நிறுத்தி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதில் பிரேக் பிடித்திருக்கிறது, களத்துக்குப் போகாமல் நேரே மெக்கானிக்கிடம் விடுங்கள்.