சாகக் கிடக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்பது

முதலில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். 'டிக்... டிக்...' என்று ஒரே சீராகத் தட்டினால் பெரும்பாலும் ஹெட் (தகவலைப் படிக்கும், எழுதும் முனை) போயிருக்கும். உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறை சுழலும்போதும் ஹெட், தகவல் பதிந்திருக்கும் வட்டத் தட்டின் பூச்சைச் சுரண்டலாம். சுரண்டிய இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. ஃப்ரீசரில் வைக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். இது தூசி புகாத சுத்த அறை உள்ள மீட்பு நிலையத்தின் வேலை.

சத்தம் இல்லை, ஆனால் படிக்கத் திணறுகிறதா? டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். சில சமயம் அதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால், விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் மட்டும் ஓட்டவே வேண்டாம். அது பழுதான டிஸ்க்கிலேயே எழுதித் திருத்தப் பார்க்கும், இருக்கிற ஃபைலும் சிதறிப்போகலாம்.

பழுதான டிஸ்க்கைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்றை இணைத்து, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் மூலம் முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக (டிஸ்க்கின் அச்சு அசல் நகலாக) நகலெடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கட்டாயம் கொடுங்கள். பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் பழுதான பகுதிகளோடு மல்லுக்கட்டாமல் தாண்டும் ஆப்ஷனைப் போடுங்கள். நல்ல பகுதிகள் வந்த பிறகே, விடுபட்டவற்றை 3 முறை வரை முயலச் சொல்லலாம். 1 டிபி டிஸ்க்குக்கு நாள்கணக்கில் ஆகலாம். டிஸ்க் சூடேறாமல் ஃபேன் காட்டுங்கள்.

இனி அசலைத் தொட வேண்டாம். இமேஜில் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலை ஓட்டினால் ஃபோல்டர்கள் பெயரோடு கிடைக்கக்கூடும். அது தோற்றால்தான் ஃபோட்டோரெக் என்ற இன்னொரு நிரல். படங்கள் உட்படப் பல வகை ஃபைல்களைத் தரும், பெயர்களைத் தராது.