பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி நகரத்தை வரைவது எப்படி

முதல் ஒரு வருடம் நான் வரைந்த நகரத்தில் மனிதர்களே இல்லை. மேம்பாலம், அடுக்குமாடி, செல்போன் கோபுரம் என்று பக்கம் பக்கமாக வரைந்திருந்தேன். ஜன்னல்களைக்கூட எண்ணித்தான் போடுவேன். ஆனால் தினமும் காலை எட்டரை மணிக்கு வேலைக்குப் போக நான் நிற்கும் இடமும், என்னோடு நிற்பவர்களும் அந்த நோட்டில் எங்கேயும் இல்லை. நகரத்தில் நாம் அதிகம் செய்கிற காரியம் காத்திருப்பதுதான். அதை வரையக் கற்றுக்கொண்ட பிறகுதான் என் படங்களில் நான் வாழும் நகரம் வந்தது. அதற்கு என்னவெல்லாம் செய்தேன் என்று சொல்கிறேன்.

இடத்தைத் தேடி அலைய வேண்டாம். எப்படியும் தினமும் போகிற ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே நேரம் என்று தோன்றும். மான்செஸ்டரின் தொழிற்சாலைத் தெருக்களை வரைந்த எல். எஸ். லவுரி வாடகை வசூலிக்கும் வேலையில் இருந்தவர். வசூலுக்கு நடந்த தெருக்களையே வரைந்தார். 1952இல் ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடவில்லை. மும்பையை ஒட்டிய தாணேயில் சுதிர் பட்வர்தன் 2005 வரை எக்ஸ்ரே பார்க்கும் மருத்துவர். ரயிலில் போகிறவர்கள், நடைபாலத்தில் நடப்பவர்கள், உழைப்பாளிகள் என்று அந்த மாநகரத்தை விடாமல் வரைந்து வருகிறார். இவர்கள் இருவரின் படங்களிலும் ஆட்கள் நிற்கிற விதத்தில் ஒரு பாரம் தெரியும். அதே தெருவில் தானும் நடந்தவர்களுக்குத்தான் அது பிடிபடும் என்று நம்புகிறேன்.

பொருட்கள் கொஞ்சம் போதும். ஒரு கையில் பிடித்துக்கொள்கிற மாதிரி ஏ5 அளவு நோட்டு, கெட்டி அட்டை போட்டது. ஒரு கறுப்பு மைப் பேனா. மேலே வண்ணம் பூசுவதாக இருந்தால் மை தண்ணீரில் கரையக் கூடாது. வாங்கியதும் ஒரு கோடு போட்டு, காய்ந்தபின் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். வண்ணத்தில் ஆசைப்பட்டு நிறைய வாங்கிவிடாதீர்கள். லவுரி தன் எண்ணெய் ஓவியங்களுக்குப் பயன்படுத்தியது ஐந்தே நிறங்கள்: கறுப்பு, வெள்ளை, வெர்மிலியன் சிவப்பு, பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி.

இப்போது முக்கியமான விஷயம். கூட்டத்தை வரையும்போது எல்லாரும் திணறுவது ஒரே இடத்தில்தான்: தூரத்தில் நிற்பவரை எங்கே வைப்பது? பலரும் தூரத்து ஆட்களைச் சின்னதாக்கி, தலையையும் கீழே இறக்கிவிடுவார்கள். உடனே அவர்கள் பள்ளத்தில் நிற்பதுபோல ஆகிவிடும். நீங்கள் சமதரையில் நின்று வரைகிறீர்கள் என்றால், உங்கள் உயரமுள்ள எல்லாருடைய கண்ணும், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், ஒரே கிடைக்கோட்டில்தான் வரும். மாறுவது பாதம் மட்டுமே. பக்கத்தில் இருப்பவரின் பாதம் தாளின் அடியில் போகும், தூரத்தில் இருப்பவரின் பாதம் அந்தக் கோட்டை நோக்கி மேலே ஏறும். முதலில் மெல்லிதாக அந்தக் கோட்டைப் போட்டு, தலைகளை அதில் வரிசையாக மாட்டிவிடுங்கள். குழந்தைகளின் தலை கோட்டுக்குக் கீழே, படியில் நிற்பவரின் தலை மேலே. நான் உட்கார்ந்து வரைந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். என் கண் மட்டம் இறங்கி, நிற்பவர்களின் இடுப்பையோ நெஞ்சையோ ஒட்டி வரும். இதைப் புரிந்துகொண்ட அன்று பதினேழு பேரை ஒரே தாளில் நிறுத்தினேன். அந்தச் சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

அடுத்து, ஒரு ஆள் எப்படி நிற்கிறார் என்பது. காத்திருப்பவர் இரண்டு காலிலும் சமமாக ரொம்ப நேரம் நிற்க மாட்டார். பாரம் ஒரு காலுக்குப் போகும். அந்தப் பக்க இடுப்பு தூக்கும், தோள் தணியும். கழுத்துக் குழியிலிருந்து நேராக ஒரு நூலைத் தொங்கவிட்டால் பாரம் தாங்கும் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து விழும். இந்த ஒன்றைச் சரியாகப் போட்டால் முகமே வேண்டாம். தோளில் பை மாட்டியிருந்தால் மட்டும் கவனம். நழுவாமல் இருக்க அந்தத் தோளை அவர் அறியாமலே தூக்கி வைத்திருப்பார். கைபேசி பார்ப்பவருக்கு, பக்கவாட்டில் பார்த்தால், காது தோளைத் தாண்டி முன்னால் வந்திருக்கும். நான் முதலில் காதைத்தான் போடுவேன், அப்புறம் பின்கழுத்தின் வளைவு, கடைசியாகக் கைபேசி. இதைத் தலைகீழாகச் செய்தால் கைபேசியை ஆள் தேடிப் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

பாதி வரைவதற்குள் பேருந்து வந்து ஆள் ஏறிப் போய்விடுவார். பரவாயில்லை. கொஞ்சம் பொறுத்தால் அதே தூணில் அதே மாதிரி இன்னொருவர் வந்து சாய்வார். விட்டுப்போன கால்களை அவரைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வேகம் பழக, எதிரே உள்ள சிவப்பு சிக்னலைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம்: அது பச்சையாவதற்குள் ஒரு உருவம்.

மின்கம்பிகளை ஸ்கேல் வைத்துப் போடாதீர்கள், அவை தொய்ந்துதான் கிடக்கும். இரவில் வரைபவர்கள் விளக்கைக் கவனியுங்கள். பழைய சோடியம் விளக்கின் கீழே எல்லாம் மஞ்சள். சட்டையின் நீலமும் பச்சையும் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். எல்இடி வந்தபிறகு நிறங்கள் இரவிலும் திரும்பிவிட்டன, நிழலின் ஓரமும் கூர்மையாகிவிட்டது. இரண்டும் ஒரே தெருவில் இருந்தால் விடாதீர்கள், அந்த எல்லைக்கோட்டில் நிற்பவரை வரையுங்கள். வெளிச்சத்துக்கு வெறும் தாளையே விட்டுவிடுவது நல்லது.

யாராவது நம்மைக் கவனித்தால் நோட்டை மூடாமல் திருப்பிக் காட்டிவிட வேண்டும். வேண்டாம் என்றால் அந்த உருவத்தை நிறுத்திவிடுகிறேன். குழந்தைகளின் முகத்தை அடையாளம் தெரிகிற மாதிரி நான் வரைவதே இல்லை.

ஒருமுறை பக்கத்தில் நின்ற வயதான அம்மா எட்டிப் பார்த்தார். "என்னைத்தானே போட்டிருக்கே?" என்றார். ஆமாம் என்றேன். "நாற்பது நிமிஷமா நிக்கறேம்மா. அதையும் போடு." எப்படிப் போடுவது என்று தெரியாமல், அவர் காலடியில் '40 நிமிடம்' என்று எழுதினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு உருவத்தின் கீழேயும் அவர் நின்ற நேரத்தை எழுதுகிறேன்: 3, 11, 26. நீங்களும் தேதியோடு சேர்த்து இதைக் குறித்து வையுங்கள். சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய, நகரங்களை நேரில் பார்த்து வரைபவர்களின் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' குழுவின் உறுதிமொழியிலும், நம் படங்கள் காலத்துக்கும் இடத்துக்குமான பதிவு என்று ஒரு வரி உண்டு.

பத்துப் பன்னிரண்டு தாள் சேர்ந்ததும் தேதி வரிசைப்படி தரையில் பரப்பிப் பாருங்கள். எதைப் பெரிதாக வரையலாம் என்று அப்போது தெரியும். என்னுடையதில் ஏழாவது தாள்வரை நிறுத்தத்தின் பின்னால் ஒரு மரம் இருக்கிறது. அதன் கீழே ஆட்கள் கும்பலாக, கலைந்து நிற்கிறார்கள். எட்டாவது தாளில் மரம் இல்லை. வெயிலுக்கு மிச்சம் இருப்பது விளம்பரத் தூணின் நிழல் மட்டும், ஒரு முழ அகலம். அதற்குள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக நேர்கோட்டில் நிற்கிறார்கள், நிழல் நகர்ந்தால் வரிசையும் நகர்கிறது. அதைத்தான் இப்போது ஆறடித் துணியில் வரைந்துகொண்டிருக்கிறேன், நிமிடங்களோடு.