இரவில் படகிலிருந்து கணவாய் பிடிக்க விளக்கைத் தெரிவுசெய்வதும் பொருத்துவதும்

புதிதாக இரவுத் தூண்டிலுக்குப் போக விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை வாட் விளக்கு வாங்க வேண்டும் என்பதைத்தான். அதற்கு முன் அறிய வேண்டியது, கணவாய் வெளிச்சத்தின் நடுவில் வந்து நிற்பதில்லை என்பதே. விளக்கின் கீழ் நுண்ணுயிர்கள் கூடுகின்றன. அவற்றைத் தேடிச் சூடையும் நெத்தலியும் வருகின்றன. இவற்றை உண்ண வரும் ஊசிக்கணவாயும் பாரையும் வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் ஓரத்தில் காத்திருக்கின்றன. அந்த ஓரத்தைத் தெளிவாக உண்டாக்குவதற்கே நாம் விளக்குப் பிடிக்கிறோம். மட்டக்களப்பு, கல்முனை, பொத்துவில் பக்கங்களில் 18 அல்லது 19 அடி ஃபைபர் படகில், கரையோரக் கடலில் தூண்டில் போடத் தொடங்குவோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படி 1: அனுமதியும் இரவும்

ஒளி பாய்ச்சி மீன்பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. வலையும் விளக்கும் சேரும்போது அவை இன்னும் இறுக்கமானவை. ஆகவே விளக்கு வாங்குவதற்கு முன் உங்கள் பகுதி மீன்பிடிப் பரிசோதகரிடம் உங்கள் முறையைச் சொல்லி, அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிலவுக்காலத்தில் கடல் முழுவதும் வெளிச்சமாக இருப்பதால் உங்கள் விளக்கு எடுபடாது; அமாவாசையை ஒட்டிய இருட்டுக்காலமே ஏற்றது. வாடை வீசும் நவம்பர் முதல் பெப்ரவரி வரையான காலம் தொடக்கக்காரருக்கு உரியதன்று. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் கடல் அமைதியாகத் தோன்றினாலும், அந்தக் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், எஞ்சின் நின்றுபோன படகை அது வெளியே தள்ளிக்கொண்டு போகும் என்பதை மறக்கக் கூடாது.

படி 2: பிறர் உங்களைக் காணும் விளக்கு

மீனுக்கு விளக்கு வாங்கப் பணம் போதாவிட்டால் அந்தப் பயணத்தைத் தள்ளிப் போடலாம். பிறர் உங்களைக் காண உதவும் விளக்குகள் இல்லாமல் மட்டும் போகக் கூடாது. ஓடும்போது முன்னோக்கி நின்று பார்க்கையில் இடப்பக்கம் சிவப்பும், வலப்பக்கம் பச்சையும், உயரத்தில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். 12 மீற்றருக்குக் குறைந்த படகில் அந்த வெள்ளை விளக்கு 2 கடல்மைலிலும், பக்க விளக்குகள் 1 கடல்மைலிலும் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. நங்கூரமிட்ட பின் வெள்ளை விளக்கு மட்டும் போதும். பச்சை நிற மீன் விளக்கைத் திறந்தபடி தொங்கவிட்டால், தூரத்தில் வருகிறவர் அதை உங்கள் வலப்பக்க விளக்கென்று எண்ணித் தவறான பக்கம் திரும்பக்கூடும். ஆகவே அதற்கு மேல் மறைப்பு அவசியம்.

படி 3: மீன் விளக்கைத் தெரிவுசெய்தல்

நீர் முதலில் உறிஞ்சிக்கொள்வது சிவப்பு ஒளியை. சில மீற்றருக்குள் அது மறைந்துவிடும். கலங்கலும் பாசியும் கலந்த கரையோர நீரில் பச்சை ஒளியும், தெளிந்த ஆழ்கடலில் நீல ஒளியும் அதிக தூரம் இறங்கும். ஆகவே நம் கரையோரத்துக்குப் பச்சை அல்லது வெள்ளை எல்.ஈ.டி. விளக்கையே பரிந்துரைப்பேன். முன்னர் பெற்றோமாக்ஸ் எரித்த இடத்தில் இப்போது 12 வோல்ற் பற்றரி இருக்கிறது. அதன் கணக்கு எளியது. 40 வாட் விளக்கு ஏறத்தாழ 3.3 அம்பியர் எடுக்கும். 6 மணி நேரம் எரிந்தால் 20 அம்பியர்-மணி செலவாகும். ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 40 முதல் 45 அம்பியர்-மணிப் பற்றரி வேண்டும். கடையில் எவ்வளவு வற்புறுத்தினாலும் தொடக்கத்தில் 40 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். படகில் வேலை செய்ய மங்கிய சிவப்பு விளக்கொன்றைத் தனியே வைத்துக்கொண்டால், கண் இருளுக்குப் பழகிய நிலை கெடாது.

படி 4: பொருத்துதல்

பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் 5 அம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போடுங்கள். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் இருக்கட்டும். மெல்லிய வயரில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்து விளக்கு மங்கும். இணைப்புகளுக்கு வாசலின் பூசினால் உப்பு ஏறாது. பற்றரியை மண்ணெண்ணெய், பெற்றோல் கலன்களிலிருந்து விலக்கி, மூடிய பெட்டியானாலும் காற்றோட்டம் உள்ளதாக வைக்க வேண்டும்.

விளக்கின் இடந்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நாங்கள் முதல் இரவில் பெரிய விளக்கொன்றைக் கம்பத்தில் கட்டி, படகுக்கு வெளியே கடலை நோக்கித் திருப்பினோம். இரண்டு மணி நேரம் சூடை மட்டும் மினுங்கியது. பிறகு விளக்கைப் படகின் உட்புறமாக இழுத்து, தலைக்கு மேல் உயர்த்தி, கீழ்நோக்கித் திருப்பினோம். படகின் விளிம்பு நீரில் கறுப்புக் கோடுபோல நிழல் விழுத்தியது. அந்தக் கோட்டை ஒட்டியே அன்றைய முதல் கணவாய் ஏறியது.

படி 5: கடலில்

நங்கூரமிட்டு விளக்கை ஏற்றி, சிறுமீன் கூடும் வரை அரைமணி நேரமாவது பொறுத்திருங்கள். இறால் உருவில் செய்த கணவாய்த் தூண்டிலை நிழலின் ஓரமாக இறக்கி, மெல்ல உயர்த்தித் தாழ்த்துங்கள். கணவாய் பிடித்தால் மீன்போல வெட்டி இழுக்காது. நூலில் ஈரத்துணி தொங்குவது போன்ற கனம் மட்டுமே தெரியும். இந்தத் தூண்டிலின் முள்ளில் எதிர்க்கொக்கி இல்லாததால், நூலைத் தளரவிடாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். நீர்மட்டத்தில் சற்று நிறுத்தி, அது மையைக் கடலிலேயே பீய்ச்சிய பின் உள்ளே எடுங்கள்.

திரும்பும் நேரத்தில் மீன் விளக்கை முதலில் அணைத்துவிட்டு, 20 நிமிடமாவது நங்கூரத்திலேயே இருங்கள். கண் இருளுக்குப் பழகிய பிறகே பக்கத்து வலையின் மிதவையும், முகத்துவாரத்தில் அலை உடையும் மணல்திட்டும் தெரியும். எஞ்சினை அதன்பின் இயக்கலாம்.